அவங்க இதயத்துக்கு நல்லது

திங்கட்கிழமை காலை, நடந்து முடித்து, சர்க்கரை போடாத டீயைக் குடித்த பிறகு.

மதிப்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கைப்பிடித்த குற்றத்துக்காக முப்பத்தெட்டு வருஷமாக உள்ளே இருந்துவரும் உங்கள் மாப்பிள்ளை வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். அதில் ஒருவர் சந்தோஷமாகவும் இருக்கிறார். அங்கே நீங்களும், வீட்டில் அக்காவும், உங்கள் முழங்கால் வலியும் ஒருவரையொருவர் அனுசரித்துப் போய்க்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். உங்களுக்குப் போனில் காது கேட்பதில்லை. எனக்குப் போனே கைக்குக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் உங்கள் தங்கை அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்று, நான் பேசுவதற்கெல்லாம் முகம் சுளிப்பாள். அதனால்தான் கடிதம். இதையும் அவள் படித்து, எழுத்துப் பிழை திருத்திய பிறகுதான் கவருக்குள் போகும். படிக்கட்டும், எனக்கு ஒளிவு மறைவு கிடையாது. என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் உடனே புறப்பட்டு வந்து உங்கள் தங்கையிடமிருந்து என்னைக் காப்பாற்ற வேண்டும். நீங்கள் வாழ்நாளெல்லாம் விசில் ஊதி ஊர்ப் பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்ட டிரில் மாஸ்டர். அந்த ரத்தம் இவள் உடம்பில் இத்தனை வருஷம் சும்மா கிடந்துவிட்டு, ஆறு வாரமாகத்தான் வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது.

நடந்தது இதுதான். எங்கள் குடியிருப்பின் தரைத்தளக் கூடத்தில் அறுபது தாண்டியவர்களுக்கு இலவச இதயப் பரிசோதனை என்று சங்கச் செயலாளர் வீடு வீடாகக் கதவைத் தட்டி ஆள் சேர்த்தார். நான் போனது பரிசோதனைக்கு இல்லை, அங்கே பிஸ்கட் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு. உங்கள் தங்கை வந்தது நான் எத்தனை பிஸ்கட் எடுக்கிறேன் என்று எண்ண. வந்ததுதான் வந்தீர்கள் என்று இருவரையும் படுக்கவைத்து, நெஞ்சில் ஒயரை ஒட்டி, கையில் ஊசியைக் குத்தி, ரிப்போர்ட் வந்ததும் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். நாலாம் நாள் போன் வந்தது. எடுத்தவள் உங்கள் தங்கை. அவள் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே, அறுபத்துநாலு வயது உடம்புக்குள் இருபத்துநாலு வயதுக் குரல்; போனில் யார் கூப்பிட்டாலும் ‘வீட்ல பெரியவங்க யாராவது இருக்காங்களா பாப்பா?’ என்றுதான் கேட்பார்கள், இவளும் திருத்தமாட்டாள். அந்தப் பக்கம் நர்ஸ் சொன்னது இவ்வளவுதான்: “நாப்பத்திரண்டாம் நம்பர் வீடுங்களா? முகாமுக்கு வந்த உங்க வீட்டுப் பெரியவங்க ரிப்போர்ட் வந்திருக்கு. அவங்களுக்கு இதயத்துல கொஞ்சம் கோளாறு தெரியுது. பயப்படாதீங்க, அவங்களை நல்லாப் பாத்துக்குங்க. உப்பைக் குறைங்க, தினம் நடக்க வைங்க, வந்து டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க.” அத்தோடு போனை வைத்துவிட்டாள் அந்த நர்ஸ் புண்ணியவதி.

மச்சான், ‘அவங்க’ என்றால் யார்? நம் மொழியில் அது ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம், கல்யாணக் கூட்டமாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் தங்கையின் அகராதியில் அந்தச் சொல்லுக்கு நேராக என் படம்தான் ஒட்டியிருக்கிறது. ‘அவங்க தூங்குறாங்க’, ‘அவங்க குளிக்கிறாங்க’, ‘அவங்களுக்கு வயசாச்சே தவிர கூறு வரல’ எல்லாம் நான்தான். போனை வைத்தவள் நேராக வந்து என் மடியிலிருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். அதில் என்ன இருந்தது என்று விவரமாக எழுதினால் எனக்குக் கண் கலங்கும். பொரித்தது, சூடாக இருந்தது, இரண்டுதான் தின்றிருந்தேன். மறுநாள் நானே போய் ரிப்போர்ட்டை வாங்கி, டாக்டரையும் பார்த்துவிட்டு வந்தேன். டாக்டர் சொன்னதை நான் சுருக்கமாகச் சொன்னேன், அவள் அதை விரிவாக எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே ஃபிரிட்ஜ் கதவில் ஒரு நோட்டீஸ் ஏறியது. முகாமில் கொடுத்ததுதான். ‘முதியோர் இதயம் காக்க அன்றாடப் பழக்கங்கள்’ என்று தலைப்பு. பக்கத்தில் ஓர் இதயம் கைகால் முளைத்துச் சிரித்துக்கொண்டே ஓடுகிறது. இந்த மாதிரி நோட்டீஸ்களில் நோயாளியைத் தவிர எல்லா உறுப்பும் சிரிக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? முதல் வரி, உப்பைக் குறையுங்கள். உங்கள் தங்கைக்குக் குறைக்கத் தெரியாது மச்சான், நிறுத்தத்தான் தெரியும். உப்பு ஜாடி அலமாரியின் உச்சிக்குப் போய்விட்டது. சோறு, பருப்பு, கீரை எல்லாம் ஒரே ருசி. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் எது எது என்று விரலால்தான் கண்டுபிடிக்க வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிந்தாள், மிளகைத் தூவினாள், என்னென்னவோ தழையைக் கிள்ளிப் போட்டாள், ‘போகப் போகப் பழகிடும்’ என்றாள். ஜெயிலுக்குப் போகிறவனிடமும் இதைத்தான் சொல்லி அனுப்புவார்கள். அவளும் அதையேதான் சாப்பிடுகிறாள், அது வேறு விஷயம். எனக்கு ஒரு சட்டியும் தனக்கு ஒரு சட்டியும் வைத்தால் நான் அவள் சட்டியில் கை வைத்துவிடுவேனாம்.

இதனால் வந்த அவமானத்தைக் கேளுங்கள். நேற்று சங்கக் கூட்டம். எங்கள் கட்டடத்து லிஃப்ட்டைப் பழுது பார்ப்பது பற்றிப் பேச்சு வந்தது. இதில் நான் வாயைத் திறக்காமல் வேறு யார் திறப்பது? பன்னிரண்டு மாடி ஆபீஸ் கட்டடத்தில் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஓட்டியவன். எழுந்து நின்று, கதவு ரோலர் தேய்ந்திருக்கிறது, அதை மாற்றினாலே போதும் என்று தெளிவாகச் சொன்னேன். செயலாளர் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஆட்டி, “நீங்க உக்காருங்க பெரியவரே. உங்களை லிஃப்ட்ல ஏத்தக் கூடாதுன்னு உங்க வீட்டம்மாவே எழுதிக் குடுத்திருக்காங்க, நீங்க லிஃப்ட்டுக்கு வைத்தியம் பாக்க வந்துட்டீங்க” என்றார். கூடமே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். என் மேல் உள்ள அக்கறையில் மூன்றாம் மாடி வக்கீல் என் தொடையைத் தட்டி, “என்ன சார், இவ்வளவு பேசறான், பல்லைக் காட்டிட்டு உக்காந்திருக்கீங்க? சோத்துல உப்புப் போட்டுத்தானே சாப்பிடறீங்க?” என்று கேட்டார். வக்கீல் கேட்டால் உண்மையைத்தானே சொல்ல வேண்டும். “இல்லைங்க, ஆறு வாரமா போடறதில்ல” என்றேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான் மச்சான். உப்பு போனதும் ரோஷமும் போய்விட்டது. முன்னெல்லாம் யாராவது ஒரு சொல் சொன்னால் சுருக்கென்று தைக்கும், பதிலுக்கு நாலு சொல்லாமல் தூக்கம் வராது. இப்போது பக்கத்து வீட்டுத் தையல்காரர் என் பேண்ட்டைக் கணுக்காலுக்கு மேலே வெட்டித் தைத்துவிட்டு, ‘இதான் சார் இப்ப ஃபேஷன்’ என்கிறார். நான் நன்றி சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறேன். உப்பு இதயத்துக்குக் கெடுதல் என்று பெரிய எழுத்தில் போட்டவர்கள், மானத்துக்கு அவசியம் என்பதை ஓரத்தில் பொடி எழுத்திலாவது போட்டிருக்கலாம்.

செயலாளர் சொன்னது பொய்யில்லை, உங்கள் தங்கை எழுதித்தான் கொடுத்திருக்கிறாள். நோட்டீஸில் மூன்றாம் வரி: ‘லிஃப்ட்டைத் தவிர்த்துப் படிக்கட்டைப் பயன்படுத்துங்கள்.’ இதை எழுதியவரை நேரில் பார்க்க ஆசை. தினம் நானூறு பேரைக் கால் நோகாமல் ஏற்றி இறக்கியவன் நான். கர்ப்பிணிகள், காலில் கட்டுப் போட்டவர்கள், மேலதிகாரி கூப்பிட்டனுப்பியதும் வயிறு கலங்கியவர்கள் எல்லாரும் என்னிடம்தான் வந்தார்கள். எட்டாம் மாடிக்குப் போவதற்குள் நான் சொல்லும் இரண்டு வார்த்தையில் கலங்கிய வயிறு சரியாகியிருக்கிறது. அந்தப் புண்ணியத்தையெல்லாம் ஒரே வரியில் பாவக் கணக்கில் தள்ளிவிட்டார் நோட்டீஸ்காரர். வாட்ச்மேனிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். நான் லிஃப்ட் பட்டனுக்குக் கையை நீட்டினால் அவர் “சார்... அம்மா...” என்று இழுக்கிறார். எழுபத்திரண்டு படி மச்சான், நாலு மாடி, நாளுக்கு இரண்டு தடவை. தனியாக விட்டால் முதல் மாடியில் நைசாக லிஃப்ட்டைப் பிடித்துவிடுவேன் என்று எனக்குக் காவலாக அவளும் கூடவே ஏறுகிறாள். எனக்கோ பழைய பழக்கம். ஒவ்வொரு தளத்திலும் நின்று, ‘முதல் மாடி!’ என்று குரல் கொடுத்து, இறங்குகிறவர்கள் இறங்கி ஏறுகிறவர்கள் ஏற நேரம் விட்டு, அப்புறம்தான் நகருவேன். நான் நின்றால் அவளும் நின்றாக வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, “இப்ப யாருங்க இறங்கறாங்க, உங்க பாட்டனாரா?” என்று கத்துவாள். தொழில் தர்மத்தை விட முடியாது என்பேன். இரண்டாம் மாடியில் குழந்தையைத் தூங்க வைக்கும் பெண் கதவைத் திறந்து முறைப்பது எங்கள் இருவரையும்தான்.

நடைப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பூங்காவை மூன்று சுற்று. செருப்புப் போட்டு நடந்தால் ஆகாதாம், கயிறு கட்டுகிற ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அந்தக் கயிறு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவிழும். நான் பெஞ்சில் உட்கார்ந்து கட்ட வேண்டும், குனிந்தால் எனக்கு இடுப்புப் பிடிக்கும் என்று அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ‘ஒரு முடிச்சுக்கூடப் போடத் தெரியாம எப்படித்தான் உத்தியோகம் பாத்தீங்களோ’ என்று என் வம்சத்தையே அவிழ்ப்பாள். அதற்குள் நாலு பேர் எங்களைத் தாண்டிப் போய், மறுபடியும் வந்து தாண்டுவார்கள். வெள்ளை ஷூ, தலையில் தொப்பி, யாரையோ அடிக்கப் போகிறவர்கள் மாதிரி கை வீச்சு. ‘தனிமையைத் தவிர்த்து நண்பர்களோடு பழகுங்கள்’ என்று நோட்டீஸில் ஐந்தாம் வரி இருப்பதால் அந்த நாலு பேரோடும் நான் பழகியாக வேண்டும். என்ன பேசுகிறார்கள் தெரியுமா? அந்தக் காலத்தில் ‘உங்க பொண்ணு எத்தனை மார்க்?’ என்று கேட்டு நம்மை மட்டம் தட்டிய அதே ஆட்கள் இப்போது ‘உங்களுக்குக் கொழுப்பு எத்தனை?’ என்று கேட்கிறார்கள். ஒருவருக்கு இரண்டு இடத்தில் அடைப்பு, இன்னொருவர் மூன்று என்று அவரை ஓரம் கட்டிவிட்டார். ஒன்றும் இல்லாதவனுக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலியே கிடையாது. நானும் ஆனவரைக்கும் ஏற்றிச் சொல்லித்தான் என் இடத்தைக் காப்பாற்றிக்கொள்கிறேன்.

இன்னொன்று, கோபத்தைத் தவிர்க்கவும். இந்த வரியை அவள் எப்படி அமல்படுத்துகிறாள் என்று நீங்கள் வந்து பார்க்க வேண்டும். பிரஷர் பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கியிருக்கிறாள். என் கையில் அதன் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றியபடியே, போன வருஷம் நான் மறந்துபோன அவள் சிநேகிதி வீட்டுக் கல்யாணத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்பாள். நான் வாயைத் திறந்தால், “கோபப்படாதீங்க! கோபப்படக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது!” என்று ஜன்னல் கண்ணாடி அதிரக் கத்துவாள். மிஷின் பாவம், யாருடைய பிரஷரை எழுதுவது என்று திகைத்துப் போகும். நானும் விடுவதில்லை. ஆட்களை ஏற்றும் முன் லிஃப்ட்டைக் காலியாக ஒரு தரம் ஓட்டிப் பார்ப்பது எங்கள் முறை. அதேபோல் மிஷினை முதலில் உன் கையில் போட்டு சோதித்துக் காட்டு, அப்புறம் என் கையைத் தொடு என்று பிடிவாதம் பிடிப்பேன். முனகிக்கொண்டே போட்டுக்கொள்வாள். மாத்திரையும் அப்படித்தான். மணி எட்டானால் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். நீ உன் பிரஷர் மாத்திரையைப் போடாமல் நான் என்னுடையதைத் தொடமாட்டேன் என்பேன். “குழந்தைகூட இப்படி அடம் பிடிக்காது” என்று தன்னுடையதை வீம்புக்கு விழுங்கிக் காட்டுவாள். ராத்திரி ஒன்பதரை ஆனால் டிவியை அணைத்துவிடுகிறாள்; செய்தி வாசிக்கிறவர் பாதி வாக்கியத்தில் நிற்கிறார், உலகத்தில் என்ன ஆயிற்று என்பது எனக்கு மறுநாள்தான் தெரிகிறது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன், நாலு வாரத்துக்கு முன்னால் அவள் விரல் வைத்துக் காட்டிய கடைசி வரியைத்தான் பொறுக்க முடியவில்லை: வீட்டு வேலைகளைச் செய்வது இதயத்துக்குச் சிறந்த பயிற்சி. முதல் வாரம் பெருக்கினேன். இரண்டாம் வாரம் துடைத்தேன். மூன்றாம் வாரம் பாத்திரம். இப்போது சோறு வடிக்கிறேன், காய் நறுக்குகிறேன், துணியை நிறம் பார்த்துப் பிரித்துப் போடுகிறேன், எந்தப் பருப்பு எந்த டப்பாவில் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவள் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ‘அடுப்பை அணைச்சீங்களா?’ ‘தண்ணி பாத்து ஊத்துங்க’ ‘மூலையில பெருக்கலையே’ என்று எடுத்துக் கொடுக்கிறாள். இந்த வீட்டில் அவள் உட்கார்ந்து நான் பார்ப்பதே இப்போதுதான். இதில் ஒரு நியாயம் மட்டும் எனக்குப் புரியவில்லை மச்சான். முப்பத்தெட்டு வருஷம் இந்தப் பயிற்சி முழுவதையும் அவள் ஒருத்தியே செய்தபோது அது இதயத்துக்கு நல்லது என்று எவனும் நோட்டீஸ் போடவில்லை, அதற்கு வீட்டு வேலை என்று மட்டும்தான் பெயர். நான் விளக்குமாற்றைத் தொட்ட பிறகுதான் அது மருத்துவமாகியிருக்கிறது. இதைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வருகிறது, எனக்கு வரவில்லை.

ஆகவே மச்சான், காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். எதற்கும் அடங்காத இவள் உங்கள் ஒரு அதட்டலுக்கு அடங்குவாள். இந்த வாரக் கடைசிக்குள் வந்து நாலு நாள் தங்கி, விசாரித்து, எனக்கு ஒரு சிட்டிகை உப்பும் வாரத்துக்கு இரண்டு நாள் லிஃப்ட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள். முழங்காலைச் சாக்குச் சொல்லாதீர்கள், உங்களுக்கு லிஃப்ட் உண்டு. அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் பேரப் பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, எந்த நோட்டீஸும் அண்டாத வயதில் நெடுநாள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உப்பும் ரோஷமும் இல்லாத
உங்கள் மாப்பிள்ளை.

பி.கு.: மச்சான், இதைத் தபால் ஆபீஸ் மேஜையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். மேலே உள்ளதை அவள் படித்து, மூன்று ஒற்றுப் பிழை திருத்தி, “வரட்டும், எங்கண்ணன் யார் பக்கம் பேசறாருன்னு பாக்கறேன்” என்று மடித்துக் கொடுத்தாள். இப்போது ஸ்டாம்ப் வரிசையில் நிற்கிறாள், முன்னால் ஏழு பேர். சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மேலே எழுதியதெல்லாம் அவள் கண்ணுக்காக எழுதியது. எனக்கு ஒன்றுமே இல்லை. என் ரிப்போர்ட் பளிங்கு மாதிரி இருக்கிறது. நர்ஸ் சொன்ன அந்த ‘அவங்க’ உங்கள் தங்கை. இவள் குரலைக் கேட்டு யாரோ மகள் பேசுகிறாள் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறாள்.

இதயத்துக்குப் போகிற குழாய் ஒன்றில் அடைப்பு இருக்கலாம் என்றார் டாக்டர். மாத்திரை தவறக் கூடாது, உப்பு கூடாது, மெதுவாக நின்று நின்று நடக்கட்டும், படி ஏறினால் ஒவ்வொரு தளத்திலும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறட்டும், ஆறேழு வாரத்தில் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்றார். சொல்லத்தான் வீட்டுக்கு வந்தேன். வந்து பார்த்தால் அதற்குள் அவள் எனக்காக எல்லாவற்றையும் தொடங்கிவிட்டாள். தனக்கென்றால் ‘எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்’ என்று ஒரு படிகூட ஏறமாட்டாள்; அவள் பிரஷர் மாத்திரை டப்பாவிலேயே காலாவதியாகும். எனக்கென்றால் மலையே ஏறுவாள். சரி, நோயை நான் வைத்துக்கொள்கிறேன், வைத்தியம் அவளுக்குப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். நான் விழுங்குவது வெறும் சத்து மாத்திரை. ஷூ கயிற்றை நான்தான் அவிழ்க்கிறேன்.

வருகிற வியாழன் விட்டு அடுத்த வியாழன் அந்தச் சோதனை. “அவங்க உடம்பு, அவங்களுக்குத் தெரிய வேண்டாமா? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்று சனிக்கிழமை டாக்டர் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். அவர் சொல்வது சரி, நான் செய்தது தப்பு. மூன்று தரம் சொல்லப் போனேன். மூன்று தரமும் “பேசாதீங்க, பிரஷர் ஏறும்” என்று அடக்கிவிட்டாள். மகளுக்கு எட்டாம் மாதம், கடல் கடந்து இருக்கிறாள், அவளிடமும் சொல்ல முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். நீங்கள் வந்ததும் முதலில் என்னைத் திட்டுங்கள், நன்றாகத் திட்டுங்கள். அவள் எனக்குப் பரிந்துகொண்டு பக்கத்தில் வந்து உட்காருவாள். உட்கார்ந்ததும் சொல்லிவிடலாம். முன்னால் ஒரே ஆள்தான் இருக்கிறார், நிறுத்துகிறேன்.

அண்ணா, நான்தான். ஸ்டாம்ப் வாங்கிட்டுத் திரும்பினா இவங்க லெட்டரைச் சட்டைக்குள்ள வெச்சிக்கிட்டு என்னைப் பாத்து சிரிக்கிறாங்க. சும்மா இருக்கறப்ப சிரிக்கிற ஆளா இவங்க? ‘குடுங்க, ஒட்டணும்’னு வாங்கிக்கிட்டு, கோந்து டப்பா அந்தக் கோடியில இருக்கு, எடுத்துட்டு வாங்கன்னு அனுப்பியிருக்கேன். கடைசிப் பக்கத்துல நாலு பிழை இருக்கு, திருத்தல.

எனக்கு நாலு வாரமாத் தெரியும். நாலு மாடி ஏறியும் மூச்சு வாங்காத இதய நோயாளி உலகத்துல உண்டா? மூச்சு வாங்கினது எனக்குத்தானே. ரிப்போர்ட்டைத் தேடிப் பாத்தேன், இவங்க உத்தியோகச் சர்டிபிகேட்டுக்கு அடியில இருந்துச்சு. படிச்சிட்டு அப்படியே வெச்சிட்டேன். ஏன் கேக்கலைன்னா, கேட்டிருந்தா அன்னைக்கே இவங்க கை கால் ஓடாம உக்காந்திருப்பாங்க. முப்பத்தெட்டு வருஷமா அடுப்புப் பத்த வெக்கத் தெரியாது, தன்னோட சட்டை எந்தத் தட்டுல இருக்குன்னு தெரியாது. இந்த மனுஷனை விட்டுட்டு நான் எப்படிப் போய் ஆஸ்பத்திரில படுப்பேன்? வீட்டு வேலை இதயத்துக்கு நல்லதுன்னு அந்த நோட்டீஸ்ல யாரும் எழுதல. நான்தான் அதே மாதிரி எழுத்துல அடியில சேத்தேன்.

பெருக்க வந்துடுச்சு. சோறு குழையாம வடிக்கறாங்க. அடுப்பை அணைக்க மட்டும் இன்னும் மறந்துடறாங்க. அதுவும் படிஞ்சிட்டா, நான் திரும்பி வந்தாலும் வராட்டாலும் ரெண்டு வேளை சாப்பிட்டுக்குவாங்க. பயம் இல்லாம இல்லை அண்ணா. ஆனா என்னைக் கவனிக்க அங்க டாக்டர் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க. வெளியில பெஞ்சில தனியா உக்காந்திருக்கப் போறது இவங்கதான். நீ இவங்களுக்காக வா.